தகரக் கூரை எயார்போட்டும் ஆறு நாள் அம்மாவும்

மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். ரொறன்ரோவில் தடக்கி விழுந்தால் ஒரு கல்யாண மண்டபம். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் கரீபியன் கரையில் ஒரு ஹோட்டலின் மணலில் நின்றுதான் தாலி கட்டுவார்களாம். ஐயரையும் பிளேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த மனுசன் அங்கே அரைக் காற்சட்டையோடு வந்து நிற்பாரோ என்பதுதான் என் கவலை. வெளியே சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கு ஏற்கெனவே வாய் நீளம் என்று பெயர்.

ரிக்கற் போடுவதற்காக மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். போட்டுவிட்டுப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அம்மா, இஞ்ச பாருங்கோவன். இதுதான் நாங்கள் போய் இறங்கப்போற எயார்போட். பிராண்ட் நியூ. சோ கியூட்!"

கண்ணாடிச் சுவர், உள்ளே குளிரூட்டி, பெரிய சாடிகளில் தென்னங்கன்றுகள். படத்துக்குக் கீழே ஊரின் பெயர். ஒருதரம் வாசித்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் வாசித்தேன். போனை மகளின் கையில் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். "என்னம்மா, யூ ஓகே?" என்றாள். "சுகர் குறைஞ்சிட்டுது போல" என்றேன். சீனி வருத்தம் வந்ததில் ஒரு நன்மை, பொய் சொல்ல இடமில்லாமல் தவிக்கவேண்டியதில்லை. பிள்ளை ஓடிப்போய்த் தோடம்பழச் சாறு கொண்டுவந்தாள். நானும் குடித்தேன்.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே எங்களுக்கு நல்லது செய்த மனுசர் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். ஏன் அவர்களுக்குத் தொல்லை?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை எயார்போட் என்று சொல்வதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். மஞ்சள் நிறம் அடித்த ஒற்றை மாடிக் கட்டடம், உப தபாற்கந்தோர் ஒன்றைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேளாது. ஆட்கள் இருக்கப் பச்சை நிறத்தில் நாலு மரவாங்கு. இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும், மற்றதில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. ஒரேயொரு ரொயிலற், அதன் பூட்டுத் திறப்பை ஒரு பெரிய மரக்கட்டையில் கட்டிக் கவுண்டரில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கட்டையோடு நடந்து போனால் முழு எயார்போட்டுக்கும் விசயம் தெரிந்துவிடும். மானமுள்ள பெண்பிள்ளை என்ன செய்வாள்? நான் முதல் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை.

பிளேன் வருகிற, போகிற நேரங்களை ஒரு கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதுவார்கள். பக்கத்தில் ஒரு தராசு. பெட்டிகளை நிறுப்பதற்கு மட்டுமில்லை, ஆட்களையும் நிறுப்பார்கள். பிளேன் அவ்வளவு சின்னன். நான் ஏறி நின்றபோது நாற்பத்தைந்து கிலோ என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்கள். அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது அந்தத் தராசு கிடைத்தால் கும்பிடுவேன்.

நான் ஏன் அங்கே போய் நின்றேன் என்று கேட்பீர்கள். எனக்கு இருபத்துநாலு வயது. ரொறன்ரோவில் இருந்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். ஆளைப் படத்தில் பார்த்ததும் ரெலிபோனில் ஏழெட்டுத்தரம் கதைத்ததும்தான். அவரிடம் போய்ச் சேர வேண்டும். நேர்வழி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் அந்த நாளில் வந்த வழிகளைக் கோடு போட்டால் உலகப் படத்தில் வெள்ளை இடமே மிஞ்சாது.

தனிப்பெண்ணை அனுப்பினால் சந்தேகம் வரும் என்று, காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்ற் ஒரு குடும்பம் செய்தான். குடும்பம் செய்தான் என்றுதான் சொல்லவேண்டும். கொழும்பு லொட்ஜ் ஒன்றில் மன்னாரைச் சேர்ந்த ஒரு மனுசரைக் கொண்டுவந்து நிறுத்தினான். நாற்பது வயது, வேதக்காரர், சட்டைப் பைக்குள் செபமாலை. அவர்தான் பாஸ்போட்டில் என் புருசன். பிறகு ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று. தாயும் தகப்பனும் இரண்டு வருசத்துக்கு முன்பே கனடா போய்விட்டார்கள். பிள்ளை யாரோ சொந்தக்காரர் வீட்டில் நின்றது.

"இண்டையிலயிருந்து நீங்கள் ஒரு குடும்பம்" என்றான் ஏஜென்ற். "ஆளுக்காள் சொந்தப் பேர், ஊர், விலாசம் ஒண்டும் கேக்கக்கூடாது. தெரியாட்டி உளறவும் ஏலாது. பிள்ளை, இவதான் உன்ர அம்மா. விளங்குதோ?"

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு ஏஜென்றிடம் கேட்டது: "சோறு பிசைஞ்சு தீத்துவாவோ?"

"ஓம், தீத்துவா."

"அப்ப சரி" என்று வந்து என் கையைப் பிடித்தது. அவ்வளவுதான். எனக்கு அம்மா உத்தியோகம் கிடைத்த கதை அது.

எங்கெங்கேயோ ஏறி இறங்கி அந்தத் தகரக் கூரைக்கு வந்துசேர்ந்தோம். அங்கேயிருந்து சின்னப் பிளேனில் பக்கத்துத் தீவுக்குப் போய், பெரிய பிளேன் பிடித்து ரொறன்ரோ வரவேண்டும். சின்னப் பிளேனுக்கு எஞ்சின் பழுது. சாமான் வரவேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு நாள். இரவில் வீதிக்கு மற்றப் பக்கத்தில் ஒரு அறை. அறையில் நானும் பிள்ளையும், விறாந்தையில் கதிரை போட்டு மன்னார் அண்ணை. விடிந்ததும் மூன்று பேரும் குளித்து வெளிக்கிட்டு எயார்போட்டுக்குப் போய் மரவாங்கில் இருப்போம், கந்தோருக்குப் போகிற ஆட்கள் மாதிரி.

அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே உத்தியோகத்தர். பெரிய உடம்பு, கறுத்த மீசை, எப்போதும் வியர்வை. ஒரு தொப்பி போட்டால் பாஸ்போட் பார்ப்பார். அதைக் கழற்றி வேறொன்று போட்டால் பெட்டி தூக்குவார். தீயணைக்கிற வண்டிக்கு மூன்றாவது தொப்பி. ஓடுபாதையில் ஆடு நின்றால் தொப்பி இல்லாமலே ஓடிப்போய்க் கலைப்பார். மூன்றாம் நாள் அவர் முதல் தொப்பியோடு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

அவர் மன்னார் அண்ணையிடம் கேட்டது எனக்கும் பாதி விளங்கியது. மூன்று நாளாகப் பார்க்கிறேன், நீ உன் மனைவியோடு ஒரு சொல்லும் பேசவில்லை, என்ன பிரச்சினை?

உண்மைதான். பாஸ்போட்டுக்குப் புருசன் பெண்சாதி என்றாலும் ஊர்ப் பழக்கம் விடுமா? அந்நிய ஆம்பிளைக்குப் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன், அந்நியப் பெண்ணை அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். நடுவில் பிள்ளையை இருத்தி, வாங்கின் இரண்டு அந்தத்திலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். மன்னார் அண்ணை எழுந்து நின்று, "சேர், வீ ஆர் வெரி ஹப்பி சேர்" என்றார், அழுகிற குரலில்.

உத்தியோகத்தர் போனபிறகு அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. நாங்கள் ஒருக்காச் சண்டை பிடிப்பமோ? சண்டை பிடிச்சால்தான் புருசன் பெண்சாதி மாதிரி இருக்கும்."

எதற்காகச் சண்டை பிடிப்பது? யோசித்துப் பார்த்து, மீன்குழம்புக்குப் பழப்புளி எவ்வளவு கரைப்பது என்று தொடங்கினோம். நடிப்பாகத்தான் தொடங்கினேன். ஆனால் அந்த மனுசர் தேங்காய்ப்பாலே விடாமல் மீன்குழம்பு வைக்கலாம் என்று சொன்னபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. கையை நீட்டி நீட்டிக் கதைத்தேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கவுண்டருக்குப் பின்னால் உத்தியோகத்தரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூடை வைத்து விற்கும் பெண்ணிடம் பொரித்த வாழைப்பழம் வாங்கி வந்து, சமாதானமாகப் போங்கள் என்று எங்கள் மடியில் வைத்தார். அதன் பிறகு எங்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே ரொறன்ரோவில், மல்வேர்ன் பிளாசாவில் நாங்கள் மிளகாய்த்தூள் வாங்குகிற கடைக்குப் பக்கத்தில் ஒரு கரீபியன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வாழைப்பழம் பொரிகிற மணம் வெளியே வரும். மகள் எத்தனை தரம் கேட்டாள், "அம்மா, ஒருக்கா ட்ரை பண்ணுங்கோவன்" என்று. எனக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் இருந்துவிடுவேன். எண்ணெய்க்கு என்ன பிழை? பிள்ளை அதைத்தான் ஆறு நாளும் தின்றது. நான் பிய்த்துப் பிய்த்து ஊதித் தீத்துவேன். உத்தியோகத்தர் ஒவ்வொரு காலையும் அவளைத் தூக்கித் தராசில் நிறுத்தி, நிறையைக் கரும்பலகையின் மூலையில் எழுதுவார். ஆறு நாளில் ஒரு கிலோ கூடினாள். பெற்ற தாய்க்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திராது.

அந்த மூலையில் பிள்ளை இன்னொன்றும் எழுதினாள். அதைத்தான் சொல்ல வந்தேன், புளியும் வாழைப்பழமும் என்று சுற்றிக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். எங்கேயாவது பிடிபட்டால் பிள்ளையைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுடைய தாயின் ரெலிபோன் நம்பர் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், ரொறன்ரோவில் நான் கட்டப்போகிற மனுசரின் வீட்டு நம்பர். அதை அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி இராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாளில் பாடமாக்கிவிட்டாள். உத்தியோகத்தர் கொடுத்த சோக்கட்டியால் கரும்பலகையில் எட்டுகிற உயரத்தில் எழுதியும் காட்டினாள். மூன்றை மட்டும் மாறி எழுதுவாள்.

"துலைஞ்சு போனா இந்த நம்பருக்கு ரெலிபோன் எடுக்கவேணும். சரியோ?"

"எடுத்தா வருவீங்களோ?"

"வருவன்."

"சத்தியமா?"

அவள் தலையில் கை வைத்து, "சத்தியமா வருவன்" என்றேன். தலையில் கை வைத்துச் செய்கிற சத்தியம் என்னவென்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவிடவில்லை.

ஆறாம் நாள் பிளேன் வந்தது. ஏறப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். கரும்பலகையில் எங்கள் பிளேனின் நேரத்துக்குக் கீழே அந்த நம்பர் அப்படியே இருந்தது. உத்தியோகத்தர் அதை அழிக்கவில்லை.

ரொறன்ரோவில் இறங்கியதும் எங்கள் உண்மைக் கதையைச் சொல்லிவிட்டோம். விசாரணை, எழுத்து வேலை என்று ஒரு பகல் முழுக்கப் போனது. கடைசியில் கதவு திறந்தபோது ஒரு பக்கம் கனத்த கோட்டுப் போட்ட ஒரு பெண் அழுதுகொண்டு ஓடிவந்தாள். மற்றப் பக்கம் பூச்செண்டோடு என் வருங்காலப் புருசனும் அவருடைய தாயும். மாமி என்னை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறா. பிள்ளை அந்தப் பெண்ணைப் பார்த்து, "இது ஆர்?" என்று கேட்டுவிட்டு என் பாவாடையைப் பிடித்தாள். "உன்ர அம்மா" என்றேன். "இல்லை, நீங்கள்தான்" என்றாள்.

விரல் விரலாக எடுத்துவிட்டேன். எடுக்க எடுக்க மற்றக் கை வந்து பிடித்தது. குனிந்து அவள் காதுக்குள், "நம்பர் தெரியுந்தானே? எடு, வருவன்" என்றேன். பிடியை விட்டாள். அதை நம்பித்தான் விட்டாள்.

"ஆரது பிள்ளை?" என்று மாமி கேட்டா.

"பிளேனில பக்கத்துச் சீற், மாமி."

வேறொருவனின் பெண்சாதி என்று பேர் போட்டு, ஆறு நாள் ஒரு ஊரில் தங்கி வந்தவள் என்று தெரிந்தால் கல்யாணம் நடக்குமா? என் பயம் அது. மன்னார் அண்ணையும் விளங்கிக்கொண்டு, என்னைத் தெரியாத ஆள் மாதிரிக் கடந்து போனார்.

கல்யாணம் நடந்தது. ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் அப்பாட்மென்ற். குசினிச் சுவரில் சுருள் வயரோடு ரெலிபோன். பனி கொட்டிய ஒரு பின்னேரம் மாமி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா, நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. எடுத்தேன்.

"அம்மா? நான் நம்பர் மறக்கேல்லை."

சுருள் வயரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"எப்ப வருவீங்கள்?"

"ஆரது?" என்று மாமி தலையை நிமிர்த்தினா.

நான் ரெலிபோனுக்குள் சொன்னேன்: "றோங் நம்பர்." வைத்துவிட்டேன். சோற்றை வடித்தேன். உப்புப் போடவில்லை என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்ப மணி அடித்தது. இம்முறை தாய். "தங்கச்சி, நான் பிள்ளையின்ர அம்மா கதைக்கிறன். குறை நினையாதேங்கோ. பிள்ளை ஒண்டும் சாப்பிடுதில்லை. மெலிஞ்சு போனாள். உங்களைத்தான் கேக்கிறாள். ஒருநாள் வந்து ஒரு வாய் தீத்திவிட்டிட்டுப் போறீங்களோ? நான் கார் அனுப்புறன்."

மாமி குளியலறையிலிருந்து வெளியே வருகிற சத்தம் கேட்டது. "நீங்கள் தேடுற ஆள் இஞ்ச இல்லை" என்றேன்.

"உங்கட குரல்தான் எண்டு பிள்ளை சொல்லுது" என்றாள் அந்தத் தாய். கோபமில்லை, கெஞ்சல்தான். நான் வைத்துவிட்டேன். அதன்பிறகு அழைப்பு வரவேயில்லை. ஒரு மாதம் மணி அடித்தபோதெல்லாம் நானே ஓடிப்போய் எடுத்தேன். எதற்கு ஓடினேன், கதைக்கவா, திரும்பவும் மறுக்கவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து, மாமி செத்து ஆண்டுத்திவசமும் முடிந்த பிறகு, ஒருநாள் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடி விழும் என்று காத்திருந்தேன். இவர் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அதுக்கென்ன? எங்கட சின்னம்மாவின்ர பெட்டையும் அப்பிடித்தானே வந்தவள். என்ர அம்மாவே எயார்போட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவ. நீ அந்தப் பிள்ளையைப் போய்ப் பாத்திருக்கலாமே."

பாத்திருக்கலாமே. எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்கு எனக்கு யார்மேல் கோபம் என்று கேட்டால், எல்லார்மேலும். ஏஜென்றின்மேல், மாமியின்மேல், இவ்வளவு நல்ல மனுசராக இருந்து அதை எனக்குச் சொல்லாமல் விட்ட இவர்மேல். இப்போது எல்லாக் கோபமும் சுற்றி வந்து என்மேலேயே நிற்கிறது.

இவர் பாவம், தேடலாம் என்றார். தமிழ் வானொலியில் அறிவிப்புக் கொடுப்போம் என்றார். என்ன என்று கொடுப்பது? எனக்குத் தெரிந்தது பாஸ்போட்டில் இருந்த பெயர் மட்டும். அது அவளின் பெயர் இல்லை. நான் அவளைப் பிள்ளை என்றேன், அவள் என்னை அம்மா என்றாள். எங்களுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. மன்னார் அண்ணை மொன்றியலுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு விசாரித்தேன். அதற்கு முந்திய பனிக்காலத்தில் காலமாகிவிட்டார் என்றார்கள்.

கோயில் தேரில், கல்யாண வீட்டில், பஸ்சில், அவள் வயதுப் பெண்களைப் பார்த்தால் முகத்தையே உற்றுப் பார்ப்பேன். முதலில் பதினைந்து வயதுப் பெண்களை, பிறகு இருபத்தைந்து வயதுப் பெண்களை. இப்போது அவளுக்கு நாற்பது கிட்டும், சொந்தப் பிள்ளைக்குத் தீத்திக்கொண்டிருப்பாள். என்னை மறந்திருந்தால் நல்லது என்று வாய் சொல்லும். மனம் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

தகரக் கூரையை இடித்துவிட்டார்கள். மகளின் போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். தராசு இல்லை, பச்சை வாங்கு இல்லை, மரக்கட்டையில் கட்டிய திறப்பு இல்லை. கரும்பலகை இருந்த இடத்தில் வெளிச்சத்தில் எழுத்துகள் ஓடுகின்றன. அதில் ஒருவரும் சோக்கட்டியால் நம்பர் எழுத ஏலாது.

அந்த நம்பரை நான் விடவில்லை. ஸ்காபரோவுக்குள்ளே மூன்று வீடு மாறினோம், மூன்றுக்கும் அதையே கொண்டுபோனேன். இவர் காலமானபிறகும் வைத்திருந்தேன். வீட்டில் எல்லாருக்கும் கைப்போன் வந்தபிறகும் வைத்திருந்தேன். விற்கிறவனும் ஏமாற்றுகிறவனும்தான் எடுப்பான், ஒவ்வொன்றுக்கும் ஓடிப்போய் "ஹலோ" சொல்லுவேன். கல்யாணத்துக்கு ரிக்கற் போட்ட அதே கையோடு, மகள் எங்கள் வீட்டுக் கணக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இந்த லான்ட்லைனைக் கட் பண்ணப்போறன். இந்த நம்பருக்கு இனி ஆர் எடுக்கப்போகினம்?"

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மாமி இல்லை, பயப்பட ஒருவருமில்லை.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.